புது ஊரில் ஓர் இளம் பாதிரியார்: தரங்கம்பாடி கேள்வி பதில்

பொறையாறு பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த புதிதில் எப்படி வாழ்ந்தார் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: என் அக்கா மகனுக்கு 19 வயது. மோர்மன் சபை ஊழியத்துக்காக டெல்லி போகிறான். ஊரும் புதுசு, இந்தியும் தெரியாது. சீகன்பால்கு எப்படிச் சமாளித்தார்?

அவர் 1706 ஜூலை 9 அன்று இங்கே இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியவர். கூட வந்தவர் புளூட்சாவ். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர் (டேனியர்) கையில் இருந்தது. அரசரே அனுப்பியும் அவர்கள் கோட்டையில் நல்ல முகம் காட்டவில்லை. தளபதி ஹாசியுஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. சொந்த ஆட்கள் என்று நம்பியவர்களே முகம் திருப்பினால் அந்த வயதில் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைக்கு அந்தத் தனிமை இருக்காது. அந்தச் சபையில் ஊழியர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருட ஊழியம். காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். 2019லிருந்து வாரம் ஒருமுறை வீட்டோடு பேசவும் அனுமதி உண்டு. சீகன்பால்கு வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். மொழியைப் புத்தகத்தோடு நிறுத்த வேண்டாம், அடுத்த வீட்டுக் குழந்தைகளோடு பேசட்டும். சீகன்பால்குவும் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் தமிழ் கற்றார்.

கொரடாச்சேரி: மோர்மன் சபைக்காரர்களுக்குக் காபி கூடாதாமே? நம் பக்கத்துப் பையன் தாங்குவானா?

காபி, டீ இரண்டுமே அந்தச் சபையில் விலக்குதான். மற்றதை அந்தச் சபைக்காரர்களிடம் கேளுங்கள்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்: முதல் தமிழ்ப் புத்தகம் தரங்கம்பாடியில்தானே அச்சானது?

இல்லை தம்பி. அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது 1714, 1715ல். 'முதல்' என்று எழுதும் முன் பத்து முறை யோசியுங்கள். எது முதல், எந்த ஊரில் முதல் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

சீர்காழி: தமிழை எப்படிக் கற்றார்? யார் சொல்லிக்கொடுத்தது?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

வயதான ஒரு வாத்தியார் தம் பள்ளிக்கூடத்தையே இவர்கள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள் இந்த இரண்டு பாதிரிமாரும். எழுத்து வந்துவிட்டது, பொருள் வரவில்லை. இவர்கள் பேசப் பழகியிருந்த போர்த்துக்கீசியம் வாத்தியாருக்குத் தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. அப்போது வந்தவர்தான் அழகப்பன். ஜெர்மன் குறிப்புகளில் 'அலெப்பா' என்று இருக்கும். ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்த மொழிபெயர்ப்பாளர். அவர் வந்த பிறகுதான் பொருள் பிடிபட்டது.

அப்புறம் தினசரி ஒழுங்கு ஒன்று வைத்துக்கொண்டார் சீகன்பால்கு. காலை ஏழிலிருந்து எட்டு வரை சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஓலைச்சுவடி வாசிப்பது. பக்கத்தில் ஒரு புலவர், ஓர் எழுத்தர். வெயில் நேரத்தில் கொஞ்சம் ஓய்வு. பிறகு மறுபடியும் சுவடி. வந்த இரண்டே வருடத்தில், 1708ல், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். பிறகு இலக்கணமே எழுதினார். 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது.

இவ்வளவும் பேசுகிறோம், அந்த வாத்தியாரையும் அழகப்பனையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

குத்தாலம்: இந்தியாவின் முதல் அச்சகம் உங்கள் ஊரில்தானாமே?

கோவா, 1556. 'முதல்' பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

திருவாரூர்: மதம் மாற்ற வந்தவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்? தமிழ் அவருக்கு ஒரு கருவி, அவ்வளவுதானே?

நாகப்பட்டினம் (இடையில் புகுந்து): கருவியாக எடுத்தவர் எதற்கு நூற்றுக்கு மேற்பட்ட சுவடிகளைச் சேர்த்துப் பட்டியல் போட வேண்டும்?

திருவாரூர்: எதிரியைத் தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மதம் மாற்றத்தான் வந்தார். அதை அவரே மறைக்கவில்லை. ஒரு கோயிலில் மண் உருவங்களைத் தள்ளி உடைத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அங்கே வந்த ஒரு பண்டிதர், இவை தெய்வங்களே இல்லை, தெய்வத்தின் படைவீரர்கள் என்று விளக்கினாராம். உடைத்தது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் அதே ஆள்தான், தமிழர்கள் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் நினைக்கிறார்கள், மொழி தெரிந்த பிறகு அது தவறு என்று கண்டேன் என்ற பொருளில் எழுதினார். தமிழர்களுக்குக் கடிதம் போட்டு, உங்கள் வழக்கம் என்ன, வழிபாடு என்ன என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713ல் தனி நூலே எழுதினார். ஹாலேயில் அதை அச்சிடவில்லை. 1867ல்தான் சென்னையில் அச்சேறியது. எதிரியைத் தெரிந்துகொள்ள மட்டும் எழுதியிருந்தால், ஹாலேயில் இருந்தவர்கள் அதை ஏன் கிடப்பில் போட வேண்டும்? திருவாரூர் நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

திருவாரூர்: யோசிக்க வேண்டிய கேள்விதான். உடைத்ததை ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

வேதாரண்யம்: சிறையில் இருந்தாரா?

ஆமாம். 1708 கடைசியில், நான்கு மாதம், டேனியர் கையால்.

பூம்புகார்: தமிழில் முதலில் அச்சான...

தமிழ் எழுத்தில் என்றால் 'தம்பிரான் வணக்கம்'. 1578. கொல்லம். தயவுசெய்து மேலே படியுங்கள்.

தஞ்சாவூர்: பிள்ளைகளோடு வருகிறோம். எதை முதலில் பார்ப்பது?

1718ல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குப் போங்கள். 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அடுத்து 1620ல் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை. அப்படியே கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயிலை ஒட்டி அலை வேகமாக வரும். பிள்ளைகள் கையை விடாதீர்கள். ஆனால் ஒதுக்குப்புறமாக ஈர மணல் இருந்தால் உட்காரவைத்து, விரலால் அ, ஆ எழுதச் சொல்லுங்கள்.