டவ் விமான இறக்கையில் வெள்ளைப் பொடி: மணல் பீய்ச்ச வேண்டாம்

வணக்கம். பெங்களூரு கொட்டகையில் நிற்கும் உங்கள் டி ஹாவிலண்ட் டவ் விமானத்தின் இறக்கையடியில் பெயின்ட் கொப்புளித்து வெள்ளைப் பொடி உதிர்கிறது, சாண்ட் பிளாஸ்டிங் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொடி அலுமினியம் அரிப்பதால் வருவது. மெல்லிய அலுமினியத் தகடு நெளிந்துவிடும். இடுக்குகளில் புகுந்த மணலை எடுக்கவே முடியாது, அது ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

1945-ல் முதன்முதலில் பறந்த இந்த ரகத்தில் ரெடக்ஸ் என்ற உலோகம் ஒட்டும் பசையால் ஒட்டிய பாகங்கள் உண்டு. சூட்டில் ஒட்டு பலவீனமாகலாம், அதனால் பெயின்ட் எடுக்க ஹீட் கன்னும் ஆகாது. முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இடத்தைப் பென்சிலால் குறிக்காதீர்கள், அதிலுள்ள கிராஃபைட்டே அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் போதும்.

ரிமூவர் பசைக்குள் இறங்காதபடி ஒட்டு மூட்டுகளை அலுமினிய டேப்பால் மூடிவிட்டு, அமிலமில்லாத பெயின்ட் ரிமூவர் போடுங்கள். பொடியை நைலான் பேடால் தேய்த்தெடுங்கள். இரும்பு பிரஷ் பட்டால் அதன் துகள் பதிந்து அரிப்பு மறுபடி கிளம்பும். நன்றாகக் கழுவி, அலோடைன் என்ற அரிப்புத் தடுப்பு ரசாயனம் பூசி, அது காய்ந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். மழைக்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். இறக்கையடி வடிகால் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம்.

காக்பிட் டயல்களை மட்டும் திறக்க வேண்டாம். எண்களில் கதிரியக்கமுள்ள ரேடியம் பூச்சு இருக்கலாம்.