ஈ. கோலை கொழுப்பைத் தின்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: தண்ணீரில் கரையாத கொழுப்பு அமிலம் பாக்டீரியாவுக்குள் எப்படிப் போகிறது?

பதில்: குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இதற்கென்றே ஃபேட்-எல் என்ற புரதம் இருக்கிறது. 14 இழைகள் சுற்றி நிற்கும் பீப்பாய் வடிவம். அதன் அமினோ முனையே உள்ளே மடங்கித் தக்கை போல் அடைத்திருக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் அந்த முனை இடம் மாறும். அமிலம் நேராகக் கீழே இறங்காமல், பீப்பாயின் பக்கவாட்டுத் திறப்பு வழியே சவ்வுக்குள் நழுவுகிறது. உள்சவ்வைத் தாண்டியதும் ஃபேட்-டி நொதி அதில் கோஏ (துணைநொதி ஏ) என்ற மூலக்கூறை மாட்டிவிடும். கோஏ ஏறிய அமிலம் திரும்பிச் சவ்வைக் கடக்க முடியாது. அதனால்தான் ஃபேட்-டி பழுதானால் உள்ளெடுப்பே நின்றுவிடுகிறது. கோஏவை மாட்ட, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்று ஏஎம்பியாக உடைகிறது, அதாவது இரண்டு ஏடிபி செலவுக்குச் சமம்.

கேள்வி: சார், எம்9 என்ற உப்புக் கரைசல் ஊடகத்தில் உணவாக ஒலியிக் அமிலம் மட்டும் கொடுத்தேன். வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிட்டது, வளர்ச்சியும் இல்லை.

பதில்: அந்தத் திரிதிரி கால்சியம் சோப்பு. கால்சியம் குளோரைடை 0.1 மில்லிமோலாருக்கு மேல் போடாதீர்கள். அமிலத்தை அப்படியே ஊற்றவும் கூடாது, மேலே எண்ணெயாக மிதக்கும். 1 கிராம் ஒலியிக் அமிலம், 3.6 மி.லி. 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 5 கிராம் பிரிஜ் 58 (எண்ணெயை நீரில் கரைய வைக்கும் சோப்பு போன்ற பொருள்) மூன்றையும் வெந்நீரில் கலக்கி, கலங்கல் நீங்கித் தெளியும் வரை சூடாக்கி 100 மி.லி. ஆக்குங்கள். ஆறிய ஊடகம் 9 பங்குக்கு இது 1 பங்கு. ஒலியேட் (ஒலியிக் அமிலத்தின் உப்பு) இல்லாமல் பிரிஜ் மட்டும் போட்ட குடுவை ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அதில் வளர்ந்தால் உங்கள் விதைக் கலவையோடு (வளர்ப்பைத் தொடங்கப் போடும் செல்களோடு) வேறு உணவு வந்திருக்கிறது என்று பொருள். விதைச் செல்களைக் கழுவிப் போடுங்கள். குடுவையில் ஐந்தில் ஒரு பங்குதான் நிரப்ப வேண்டும், இந்த வேலைக்கு ஆக்சிஜன் நிறையத் தேவை.

கேள்வி: குளுக்கோஸும் கூடவே இருந்தால்?

பதில்: முதலில் குளுக்கோஸ்தான். அது இருக்கும் வரை சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறைவாக இருப்பதால், கொழுப்பை உடைக்கும் ஃபேட் மரபணுக்கள் சரிவர இயங்காது.

கேள்வி: 18 கார்பன் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியா 10 கார்பன் டெக்கனாயிக் அமிலத்தைத் தொடவில்லையே?

பதில்: உடைக்கும் நொதிகளால் அதை உடைக்க முடியும். தடை ஃபேட்-ஆர் என்ற புரதத்தில். அது டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை அடக்குகிறது. கோஏ ஏறிய நீண்ட சங்கிலி அமிலம் வந்து பிடித்தால்தான் எழும். 10 கார்பனுக்கு எழாது. ஃபேட்-ஆர் இல்லாத திரிபு வகை பாக்டீரியா டெக்கனாயிக் அமிலத்தில் வளர்வதே இதற்குச் சான்று.

கேள்வி: ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு குறுக்கே நிற்காதா?

பதில்: நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஃபேட்-ஈ நொதி ஹைட்ரஜன் எடுக்க, ஃபேட்-பி நீர் சேர்த்து மறுபடி ஆக்சிஜனேற்ற, ஃபேட்-ஏ இரண்டு கார்பனை அசிட்டைல் கோஏவாக வெட்டுகிறது. மூன்று சுற்று முடிந்ததும் இரட்டைப் பிணைப்பு 3-ஆம் இடத்தில், சிஸ் நிலையில் (சங்கிலி ஒரே பக்கம் வளைந்த நிலை) வந்து நிற்கும். ஃபேட்-பி அதை 2-ஆம் இடத்துக்கு, டிரான்ஸ் நிலைக்கு (எதிரெதிர்ப் பக்கம்) மாற்றித் தரும். அந்தச் சுற்றில் ஃபேட்-ஈக்கு வேலையில்லை. ஆற்றல் தரும் எஃப்ஏடிஎச்2 மூலக்கூறு ஒன்று வரவில் குறையும். மொத்தம் 8 சுற்று, 9 அசிட்டைல் கோஏ.

கேள்வி: வெறும் அசிட்டைல் கோஏவிலிருந்து சர்க்கரை கட்ட முடியுமா?

பதில்: கிளையாக்சிலேட் வழி என்ற குறுக்குப் பாதை இருப்பதால் முடியும். ஐசோசிட்ரேட் லையேஸ் நொதி, இரண்டு கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாக வீணாகும் படிகளைத் தாண்டிவிடுகிறது. காசநோய்க் கிருமியில் இந்த நொதியை நீக்கினால் எலிகளில் நீண்டகாலம் தங்க அது தடுமாறுகிறது.