கொடை இரவும் வில்லுப்பாட்டும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வில்லுப்பாட்டுக் குழு ஒரு கோயில் கொடை விழாவில் பாடியதை முழுவதுமாகப் பதிவு செய்து யூடியூப்பில் ஏற்றியிருக்கிறார்கள். குழுவின் பெயர்கூட அதில் இல்லை. கேட்டதற்கு, கோயில் கமிட்டி அனுமதி தந்துவிட்டது என்கிறார்கள். எங்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: உறுதியாக உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துவோருக்கென்று தனி உரிமையை வகுத்தது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் செப்படி வித்தைக்காரரையும் பாம்பாட்டியையும்கூட அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதால், ஏட்டில் எழுதிய கதையைப் பாடும் புலவரும் அவருடைய குழுவினரும் அதற்குள் வருவார்களா என்ற ஐயமே வேண்டாம். உங்கள் நிகழ்ச்சியை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வதற்கும், அப்பதிவைப் பொதுமக்களுக்குக் கொண்டுசெல்வதற்கும் உங்கள் இசைவு தேவை. இந்த உரிமை நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். கோயில் கமிட்டி தன் இடத்தில் கேமரா வைக்க அனுமதி தரலாமே தவிர, உங்கள் பாட்டுக்கான அனுமதியை உங்களுக்குப் பதிலாக அது தந்துவிட முடியாது. ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, கற்பித்தலுக்காகவோ, ஆய்வுக்காகவோ பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை.

பெயர் போடாததும் சிறிய குறையன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும், நற்பெயருக்குக் கேடு வரும் வகையில் நிகழ்ச்சியைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் கலைஞருக்குத் தந்திருக்கிறது. முதலில் பெயர்களைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பயனில்லை என்றால், பதிப்புரிமை மீறலின் பேரில் காணொளியை நீக்கக் கோரும் வழி யூடியூப்பிலேயே இருக்கிறது. இனிமேல் கொடைக்கு அச்சாரம் வாங்கும்போதே, பதிவு செய்யலாமா, எங்கே வெளியிடலாம், வருமானம் வந்தால் பங்கு என்ன, யார் யார் பெயர் வரவேண்டும் என்று அரைப்பக்கம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் குடம் அடிப்பவர் பெயரும் இருக்கட்டும். இத்தகைய காணொளிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வீசுகோல் வில்லின் நாணில் விழுவதும் மணிகள் அதிர்வதும் தெளிவாகத் தெரியும், ஆனால் அந்தப் பாட்டு முழுவதையும் தாங்கும் குடத்துக்காரர் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அது என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்கிறார்கள். சாமி கதை பாதியில் நிற்கிறது. விடிய விடியப் பாடிய கலையை இப்படிச் சுருக்கலாமா?
– ஒரு வாசகர், ராஜாக்கமங்கலம்

பதில்: ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இசைக்கருவிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். உறங்க வேண்டிய முதியவர்களையும் தேர்வெழுதும் பிள்ளைகளையும் நினைக்கும்போது இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், முற்றத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்கு எட்டினால் போதும் என்ற அளவில் பாடப்படும் வில்லுப்பாட்டும், ஊர் எல்லை வரை முழங்கும்படி அடுக்கப்படும் பெட்டி ஒலிபெருக்கிகளும் ஒரே தட்டில் வைக்கப்படுவதுதான் வேதனையாக இருக்கிறது.

கொடையில் கதை வெறும் பொழுதுபோக்கன்று. சுடலைமாடன் பிறப்பைப் பாடும் நேரமும் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும் நேரமும் தீபாராதனையோடும் சாமியாடியின் அருளோடும் பிணைந்தவை. ஆகவே நேரம் குறையும்போது கதையின் முடிவை வெட்டாதீர்கள். தொடக்கத்தை முன்னால் தள்ளுங்கள். நான்கு மணிக்கே வில்லை ஏற்றி, காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் ஆகிய தொடக்கப் பகுதிகளைச் சுருக்கமாகப் பாடி, நாட்டு வளத்தை அளவோடு நிறுத்திக் கதைக்குள் நுழைந்தால், முடிவில் வாழ்த்தாக வாழிபாடி இறங்கும் வரை மூச்சு விட இடம் கிடைக்கும். கமிட்டிகளும் வாணவேடிக்கைக்கும் கச்சேரிக்கும் மாலை நேரத்தை ஒதுக்கிவிட்டு, வில்லை இரவு ஒன்பது மணிக்கு ஏற்றச் சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும், அவரோடு பழகி வளர்ந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லுப்பாட்டை நகர மேடைக்கு ஏற்றவாறு சில மணி நேரத்துக்குள் அமைத்துக் காட்டியவர்கள். அந்த வடிவம் மேடைக்கு உரியது; கோயில் முற்றத்துக்கு அதுவே போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. ஐம்பது ஆண்டுகளாக வில்லுப்பாட்டில் உடுக்கை வாசிக்கிறார். அரசு விருதுக்கு வழி உண்டா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுகள் வயதுவாரியாக ஐந்து, அவற்றுள் 66 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது கலை முதுமணி. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கான மண்டலக் கலை பண்பாட்டு மையம் திருநெல்வேலியில் இயங்குகிறது. அவர் வாசித்த கொடைகளின் நோட்டீசுகளை ஆண்டு வரிசையில் இப்போதே அடுக்கி வையுங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகள் வில்லுப்பாட்டு கற்க ஆசைப்படுகிறாள். பெண்பிள்ளைக்கு இது சரிவராது என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு வாசகி, கொட்டாரம்

பதில்: உங்கள் பகுதியிலேயே வாழ்ந்த பூங்கனி அம்மாளின் பெயரை அவர்களிடம் சொல்லுங்கள். பல பத்தாண்டுகள் வில்லின் முன் அமர்ந்து கதை பாடிய அவர், 2018இல் மறைந்தபோது முதுமையும் வறுமையும் சேர்ந்தே அவரோடு இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் கலையைக் கற்பிக்க வேண்டியதற்கான காரணம் அதுவே. 10 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கு மரபுக் கலைகளைக் கற்க மத்திய அரசின் கலாச்சாரத் திறன் தேடல் உதவித்தொகை இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். அருகிலுள்ள குழுவின் புலவரிடம் அனுமதி கேட்டு, முதலில் ஜால்ராவோடு இடப்பக்கத்தில் உட்கார வையுங்கள். தாளம் கையில் நின்ற பிறகு பின்பாட்டு, அதற்கும் பிறகுதான் வீசுகோல். இடைப்பட்ட நாள்களில் அவருடைய ஏட்டிலிருந்து ஒரு கதையை, முத்தாரம்மன் கதையானாலும் சரி, தன் கையால் நோட்டில் எழுதி எடுக்கச் சொல்லுங்கள்.