மலேசியாவின் லங்காவித் தீவில் ஆறு பேருக்கு எந்தக் கார்?

தாத்தா பாட்டி, இரண்டு குழந்தைகளுடன் ஆறு பேர். வாடகை குறைவு என்பதால் பெரோடுவா நிறுவனத்தின் மைவி கார் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது ஐந்து பேருக்கான வண்டி. கூடுதலாக ஒருவரை ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடலாம். அதே நிறுவனத்தின் ஏழு இருக்கை அல்சாவை எடுங்கள். மூன்றாம் வரிசையை விரித்தால் பின்னால் இடம் குறையும். ஆகவே பெரிய சூட்கேஸ்களைத் தவிர்த்து, மடங்கும் துணிப்பைகளாகக் கொண்டுபோங்கள். பெரியவர்களை நடு வரிசையில் அமர்த்துங்கள், பின்வரிசைக்கு நுழைவது அவர்களுக்குச் சிரமம்.

நாள் வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், வண்டி அடிபட்டால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உண்மையான விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. குழந்தை இருக்கையையும் முன்பே கேளுங்கள். மலேசியாவில் 2020 முதல் அது கட்டாயம். இந்திய உரிமம் என்றால், கிளம்பும் முன் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்றுவிடுங்கள்.

அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், பயம் வேண்டாம். 881 மீட்டர் உயர குனுங் ராயா மலைப்பாதையில் இறங்கும்போது மட்டும் தாழ்ந்த கியரில் வாருங்கள். சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள், எரிபொருள் அளவுமானியையும் சேர்த்து.