சென்ட்டை வைத்துக் கம்பி வாங்காதீர்கள்: வாசகர் அளவுக் கேள்விகள்

கே: மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்தேன், 6 அங்குலம் வந்தது. எந்த அளவு வளையல் வாங்க? (மதுரை)

மணிக்கட்டு அளவு வாட்ச் வாருக்கு. வளையல் தாண்ட வேண்டியது விரல் முட்டிகளை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, கை அகன்ற இடத்தைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுங்கள். சுற்றளவு 7½ அங்குலமானால் வகுத்து வருவது சுமார் 2.39, கடையில் 2-6 கேளுங்கள். 2-6 என்றால் 2 அங்குலமும் பதினாறில் 6 பங்கும், 2.6 அல்ல. நூல் இழுபடும், காகிதப் பட்டையைச் சுற்றுங்கள்.

கே: மரத்தின் சுற்றளவை எந்த உயரத்தில் எடுப்பது? (தென்காசி)

மார்பு உயரத்தில், தரையிலிருந்து 1.37 மீட்டர். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து.

கே: 10 சென்ட் இடம். ஐந்து வரிசை முள்கம்பிக்கு எத்தனை அடி ஆகும்? அவசரம். (பல்லடம்)

அவசரம் சரி, இடத்தின் வடிவம் எங்கே? மாதம் தவறாமல் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். சென்ட் என்பது பரப்பு. வேலி ஓடுவது விளிம்பில்.

10 சென்ட் என்பது சுமார் 4,350 சதுர அடி. 66-க்கு 66 சதுரமாக இருந்தால் சுற்றளவு 264 அடி. அதே 10 சென்ட் 33-க்கு 132 என்று நீண்டால் 330. வாய்க்கால் ஓரமாக 22-க்கு 198 என்று பட்டையாகக் கிடந்தால் 440. முதல் இடத்துக்கு ஐந்து வரிசையும் சேர்த்து 1,300 அடிச் சொச்சம், கடைசி இடத்துக்கு 2,200. 'சென்ட்டுக்கு இவ்வளவு' என்று வேலிக்கு ரேட் பேசுகிறவரிடம், ஓட்ட அடிக்கு, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, என்ன விலை என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட (FMB) நகலை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது மீட்டர், அடியாக்க 3.28-ஆல் பெருக்க வேண்டும். பழைய படமானால் லிங்க்ஸ் கணக்கு, 100 லிங்க்ஸ் 66 அடி. படத்தோடு நின்றுவிடாமல் நிலத்திலும் நான்கு பக்கத்தையும் டேப் பிடியுங்கள். எதிரெதிர்ப் பக்கம் சமம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மேடு பள்ளமான நிலத்தில் படம் காட்டுவது மட்டத் தூரம், கம்பி அதைவிடக் கூடுதலாகத்தான் பிடிக்கும். கேட் அகலத்தைக் கழித்துவிடுங்கள்.

கே: 6-க்கு 4 அடி ஓவல் மேசை. விளிம்புக்கு எவ்வளவு லேஸ்? (காரைக்குடி)

எந்த ஓவல்? சரியான நீள்வட்டமானால் 16 அடிக்குச் சற்றுக் குறைவு. சிலர் 6-ஐயும் 4-ஐயும் சராசரியாக்கி 3.14-ஆல் பெருக்குவார்கள், இரண்டு அங்குலம் குறையும். ராமானுஜன் 1914-இல் தந்த தோராயச் சூத்திரம் இதற்கு அபாரமாகப் பொருந்தும், ஆனால் லேஸுக்கு அவர் வேண்டாம். இரண்டு முனையும் அரைவட்டமாய், நடுவில் நேராய்ப் போகும் மேசையானால் 16½ அடி தாண்டும். 17 வாங்குங்கள். தைக்கும்போது லேஸை இழுக்காதீர்கள்.

கே: பூமத்திய ரேகையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் 1 மீட்டர் கூட்டினால் எவ்வளவு எழும்பும்? (மாணவர், சேலம்)

சுற்றிலும் 16 செ.மீ. எலுமிச்சம்பழத்தைச் சுற்றினாலும் அதே 16.

கே: ஸ்டீல் டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது. தட்டி இறுக்கலாமா? (ஓசூர்)

தொடாதீர்கள். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆட வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்சுவரில் முட்டக் கொடுத்தாலும் அளவு சரியாக வருவது அதனால்தான்.