பென்னி மெக்கார்த்தி: கேட்டதும் சொன்னதும்

தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணிக்காக அதிக கோல் அடித்தவர், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

கேள்வி: அண்ணா, கேப் டவுனில் இருந்த பையனை அயாக்ஸ் எப்படிக் கண்டுபிடித்தது?

ஊர் ஹனோவர் பார்க். நிறவெறி ஆட்சி நகருக்குள்ளிருந்து துரத்திய குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த கேப் ஃப்ளாட்ஸ் பகுதியில் அது ஒன்று. 1977இல் பிறந்தவர், இரண்டாம் நிலை லீக்கில் செவன் ஸ்டார்ஸ் அணிக்குக் கோல்களாகக் குவித்தார். பிறகு கேப் டவுன் ஸ்பர்ஸ். 1997இல், 19 வயதில், நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப். போன முதல் சீசனிலேயே (1997–98) டச்சு லீக், கோப்பை இரண்டும் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், அவர் ஆடிய அந்த இரண்டு கேப் டவுன் கிளப்புகளும் 1999இல் இணைந்து ‘அயாக்ஸ் கேப் டவுன்’ ஆயின. ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு அதில் 51% பங்கு.

கேள்வி: அயாக்ஸில் அடித்தவர் ஸ்பெயினின் செல்டா வீகோவில் ஏன் சோடை போனார்? சோம்பேறி என்கிறார்களே?

சோம்பேறி என்பது சுலபமான பதில். மெக்கார்த்தி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு 40 மீட்டர் ஓடுகிறவர் இல்லை. பெனால்டி பாக்ஸுக்குள் டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் நின்று, ஓரத்திலிருந்து கிராஸ் (கோல் முன்னால் வரும் பந்து) கிளம்பும் நேரத்தில் முன்னால் பாய்கிறவர். ஓரங்களிலிருந்து பந்து வந்துகொண்டே இருந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. இரண்டு ஓரத்திலும் முன்கள வீரர்களை நிறுத்தும் டச்சு 4-3-3 அமைப்பில் அது தானாக வரும். செல்டாவில் மோஸ்டோவோய், கார்பின் எல்லாம் அருமையான ஆட்டக்காரர்கள்தான், ஆனால் ஆட்டம் நடுவில் பின்னிப் பின்னிப் போகும். அப்படியும் முதல் சீசன் மோசமில்லை. 2000 மார்ச்சில் யுவென்டஸை 4-0 என்று நொறுக்கிய யுஇஎஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் இரண்டு கோல் இவருடையது. அந்தக் கோடையில் மலகாவிலிருந்து கட்டான்யாவை வாங்கினார்கள். ஒரே இடம், இரண்டு பேர். இவருக்கு பெஞ்ச்.

2002 ஜனவரியில் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு லோனில் (தற்காலிகமாக) போனார். பயிற்சியாளராக மொரின்யோ அப்போதுதான் வந்திருந்தார். 11 லீக் ஆட்டம், 12 கோல். அதே கால், அதே ஆள். நிரந்தரமாக வாங்கப் பணம் புரளவில்லை என்பதால் ஒரு வருடம் செல்டாவுக்கே திரும்பி, 2003இல்தான் போர்ட்டோ வீரர் ஆனார். இடையில் போர்ட்டோ வென்ற யுஇஎஃப்ஏ கோப்பை இவருக்கு இல்லாமல் போயிற்று.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அடித்த இரண்டு கோலையும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

2004 பிப்ரவரி 25, சாம்பியன்ஸ் லீக், போர்ட்டோவின் டிராகாவ் மைதானம். முதல் கோல் யுனைடெட்டுக்கு. அடித்தவர் குவிண்டன் ஃபார்ச்சூன், அவரும் கேப் டவுன்காரர். 29ஆம் நிமிடம் சக வீரர் அலெனிசெவ் வலப்பக்கமிருந்து அனுப்பிய பந்தை, நிறுத்திப் பார்க்காமல் மெக்கார்த்தி அப்படியே வாலியாக (தரையில் விழுமுன்) அடித்தார். அங்கே ஒரு தொடு எடுத்திருந்தால் டிஃபெண்டர் மேலே வந்திருப்பார்.

பாடமாக வைக்க வேண்டியது 78ஆம் நிமிட ஹெட்டர். இடப்பக்கமிருந்து நூனோ வலென்ட்டேயின் கிராஸ். கூட யுனைடெட் டிஃபெண்டர்கள் கேரி நெவிலும் வெஸ் பிரவுனும் இருந்தார்கள். பந்து தாழும் வரை காத்திருக்காமல் அதன் உச்சத்துக்கே எழும்பி, கழுத்தைத் திருப்பி, கோல்கீப்பர் ஹோவர்டைத் தாண்டி மூலைக்கு அனுப்பினார். தூரம் அதிகம் என்பதால் தலையை வைத்தால் மட்டும் போதாது, முதுகிலிருந்து வேகம் வர வேண்டும். சின்னப் பையன்கள் தவறுவது இங்கேதான்: பந்துக்கு நேர் கீழே நின்று குதிப்பார்கள், பந்து மேலே எழும்பிவிடும். இரண்டடி பின்னால் நின்று உள்ளே வந்து குதிக்க வேண்டும்.

இரண்டாம் ஆட்டத்தில், ஓல்ட் டிராஃபோர்டில், 90ஆவது நிமிட ஃப்ரீ கிக்கும் இவர் அடித்ததுதான். ஹோவர்ட் தட்டிவிட்டார், போர்ட்டோவின் கோஸ்டின்யா உள்ளே தள்ளினார். மொரின்யோ கோட்டு பறக்க ஓடியது அதற்காகத்தான்.

கேள்வி: அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடினாரா?

மொனாக்கோவுக்கு எதிராக 78ஆவது நிமிடம், டெர்லேக்குப் பதிலாக. அப்போதே 3-0. அந்த சீசனில் 20 கோல் அடித்து போர்த்துக்கீசிய லீக்கின் முதல் கோல் வேட்டைக்காரர்.

கேள்வி: இப்படி ஒரு வீரர் ஐரோப்பாவில் கைமாறும்போது, வளர்த்த சின்ன கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா சார்?

இன்று கிடைக்கும். ஃபிஃபாவின் ‘ஒற்றுமைப் பங்கு’ விதிப்படி, நாடு விட்டு நாடு மாறும் ஒவ்வொரு விற்பனையிலும் 5% தொகை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போகும். விற்பனை 10,00,000 யூரோ என்று வையுங்கள். பங்கு 50,000. அதில் 12–15 வயதுக்கு ஆண்டுக்கு 2,500 யூரோ, 16–23க்கு ஆண்டுக்கு 5,000. பதினெட்டாவது வயது முழுவதும் உங்களிடம் ஆடியிருந்தால் 5,000 உங்களுக்கு.

சிக்கல் பதிவேட்டில். எந்த சீசனில் எந்த கிளப்பில் ஆடினார் என்பதை நாட்டுச் சங்கம் பதிந்திருக்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் பெயர் பதியாமலே ஆடவிடும் கிளப்புக்கு, பையன் பிறகு கோடியில் விலைபோனாலும் கையில் எதுவும் வராது. 2022 முதல் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் மின்னணுப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது, அதனால் பதிவு இன்னும் முக்கியம். இந்த விதி 2001இல் வந்தது. 1997இல் அயாக்ஸுக்குப் போன மெக்கார்த்தி விற்பனைக்குப் பொருந்தவில்லை.

கேள்வி: நாட்டு அணிக்கு ஆட மறுத்தால் கிளப் வாழ்க்கை பாதிக்குமா?

இங்கிலாந்து போக நினைத்தால் நிச்சயம். மெக்கார்த்தி ஆடிய காலத்தில் வேலை அனுமதிக்கு, நாட்டு அணி ஃபிஃபா தரவரிசையில் முதல் 70க்குள் இருக்க வேண்டும், வீரர் இரண்டு வருட அதிகாரபூர்வ ஆட்டங்களில் 75% ஆடியிருக்க வேண்டும். குறைந்தால் மேல்முறையீட்டுக் குழுவிடம் மன்றாட வேண்டும். இப்போது புள்ளி முறை, 15 புள்ளி வேண்டும். சர்வதேச ஆட்டங்களுக்கு இன்றும் அதில் நல்ல கனம் உண்டு.

கேள்வி: இங்கிலாந்தில், பிளாக்பர்னில் 18 கோல், வெஸ்ட் ஹாமில் பூஜ்யம். என்ன ஆயிற்று?

2006–07இல் பிளாக்பர்னின் ஓரங்களில் பெடர்சனும் பென்ட்லியும். இருவரும் கிராஸ் போடுவதற்கே பிறந்தவர்கள். 18 லீக் கோல் வந்தது, டிராக்பாவுக்கு (20) அடுத்த இடம், ரொனால்டோவுக்கு (17) மேலே. அதுவும் பத்தாம் இடத்தில் முடிந்த அணியில்.

வெஸ்ட் ஹாமுக்கு 2010 பிப்ரவரியில் போகும்போது வயது 32. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், எடை ஏறியது, 14 ஆட்டத்தில் ஒரு கோலும் இல்லை. பெனால்டி பெட்டிக்குள் ஒன்றரை அடி முன்னால் போய்ச் சேர்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கு நாலைந்து கிலோ என்பது அந்த ஒன்றரை அடிதான். 2010 உலகக்கோப்பை சொந்த நாட்டில் நடந்தும் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் பரெய்ரா இவரை 23 பேரில் சேர்க்கவில்லை. 2011இல் ஊர் திரும்பி ஒர்லாண்டோ பைரேட்ஸில் அந்த சீசனிலேயே மூன்று கோப்பை எடுத்தார். கதை முடிந்தது என்றவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டார்கள்.

கேள்வி: பஃபானா பஃபானாவுக்கு (தென்னாப்பிரிக்க நாட்டு அணிக்கு) எப்படி?

79 ஆட்டம், 31 கோல் (சில பட்டியலில் 32). 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்தில் நான்கு கோல், தொடர் முழுக்க 7. எகிப்தின் ஹொசாம் ஹசனும் அதே 7, கோப்பை எகிப்துக்கு. அதே ஆண்டு டென்மார்க்குக்கு எதிராக அடித்ததுதான் உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் முதல் கோல். 2002இல் ஸ்பெயினுக்கு எதிராகவும் அடித்தார், 3-2 தோல்வி. குழுவில் பராகுவேயும் இவர்களும் புள்ளி, கோல் வித்தியாசம் இரண்டிலும் சமம். பராகுவே அடித்தது 6, இவர்கள் 5. அந்த ஒரு கோலில் வெளியே.

கேள்வி: ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளிலேயே சிறந்த ஸ்ட்ரைக்கர் இவர்தானா?

பெட்டிக்குள் என்றால் ஆம். ஆட்டக்காரர் என்றால் என் ஓட்டு ஜாம்பியாவின் கலுஷா ப்வால்யாவுக்கு. 1988 ஒலிம்பிக்கில் இத்தாலியை 4-0 என்று வீழ்த்தியதில் மூன்று அவருடையது. ஜிம்பாப்வேயின் பீட்டர் இன்ட்லோவு வேறு ரகம், ஓரத்திலிருந்து வெட்டி வருபவர்.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பயிற்சியாளர். கேப் டவுன் சிட்டியுடன் 2018இல் உள்நாட்டு எம்டிஎன்8 கோப்பை, 2020–21இல் அமாசூலு கிளப்புக்கு லீக்கில் இரண்டாம் இடம். பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டில் தலைமைப் பயிற்சியாளர் டென் ஹாக்கின் கீழ் முன்கள வீரர்களைப் பார்த்துக்கொண்டார். 2025 மார்ச்சில் கென்யா அணி. உள்நாட்டு லீக் வீரர்கள் மட்டும் ஆடும் சான் போட்டியில் மொராக்கோவை 1-0 என்று சாய்த்து காலிறுதிக்குப் போனார்கள். அங்கே மடகாஸ்கரிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோல்வி.