கரகரத்த குரலில் என்ன காதல்?

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று ஜாஸ் பாடகி எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டும் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய ‘சீக் டு சீக்’ கேட்டேன். அந்த அம்மா குரல் தேன். அவரோ தொண்டை கட்டிய மாதிரி பாடுகிறார். இதைப் போய் காதல் பாட்டு என்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்?
- திருச்சி வாசகர்

பதில்: முதல் தடவை கேட்டபோது எனக்கும் அந்தக் குரல் உறுத்தியது. ஆனால் விட்டுவிடாதீர்கள். ராத்திரி வீடு அடங்கியதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

இர்விங் பெர்லின் 1935-இல் ‘டாப் ஹேட்’ படத்துக்காக எழுதிய பாட்டு இது. படத்தில் ஃப்ரெட் அஸ்டேர் மட்டும்தான் பாடுவார், ஜிஞ்சர் ராஜர்ஸ் அவரோடு ஆடுவார், அவ்வளவுதான், அவள் மனசில் என்ன இருக்கிறது என்று பாட்டு சொல்லாது. 1956-இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆம்ஸ்ட்ராங்கும் பாடும்போது அது மாறிவிடுகிறது. ஆம்ஸ்ட்ராங் முதலில் தொடங்குகிறார், சொர்க்கத்தில் இருக்கிறேன் என்கிற முதல் வரியை மேடையில் நின்று பாடாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. அவர் முடித்ததும் அதே வார்த்தைகளை ஃபிட்ஸ்ஜெரால்ட் எடுத்துக்கொள்கிறார். ஆக, அவன் சொன்னதை அவளும் சொல்லிவிட்டாள்! எனக்கு இந்தப் பாட்டின் காதல் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு குரலும் வழுவழுவென்று ஒரே மாதிரி இருந்திருந்தால், வார்த்தை கைமாறுவது இவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்திருக்காது.

வரிகளும் எளிமையானவை. மலையேறப் பிடிக்கும், மீன் பிடிக்கப் போகவும் பிடிக்கும், ஆனால் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுகிற சுகத்துக்கு அதெல்லாம் ஈடாகாது, இதுதான் விஷயம். அப்புறம் ‘என்னோடு ஆடு’ என்று கேட்கிற இடத்தில் மெட்டு சட்டென்று மைனருக்கு, அதாவது சோகச் சாயல் உள்ள ஸ்வரங்களுக்கு, இறங்கும், அதுவரை இருந்த விளையாட்டு போய் குரலில் ஒரு ஏக்கம் வந்துவிடும். எட்டே பார்தான், அதாவது எட்டுத் தாளச் சுற்று. அதைத் தவறவிடாதீர்கள்.

‘எல்லா அண்ட் லூயி’ என்கிற அந்த ஆல்பத்தின் 11 பாட்டையும் ஆகஸ்ட் 16 அன்று ஒரே நாளில் ஹாலிவுட்டில் பதிவு செய்தார்கள். ஆம்ஸ்ட்ராங்குக்கு 55 வயது, ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 39. பியானோ ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டார் ஹெர்ப் எல்லிஸ், டிரம்ஸ் வாசித்தவர் படி (Buddy) ரிச். பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியத்தை வாசித்த ரே பிரவுன் யார் தெரியுமா? ஃபிட்ஸ்ஜெரால்டின் முன்னாள் கணவர், பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது தெரிந்த பிறகு, அவள் பாடும்போது அடியில் நிதானமாக நடந்து வருகிற அந்த பேஸை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

இது பிடித்துப்போனால் அதே ஆல்பத்தில் ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ கேளுங்கள். எதுகையே இல்லாத பாட்டு. அந்தக் கரகரப்பு அதில் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.